பூட்டு அல்லது கூப்பிடு

கதவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு ஆளாளுக்கு அந்தக் கதவைத்தான் திட்டினார்கள். மரக்கடைக்காரர் திட்டினார், ஆம்புலன்ஸ்காரர் திட்டினார், ஸ்ட்ரெச்சர் தூக்க வந்தவர்கூட உடைந்த கதவு நிலையின் மரத்தில் காலை இடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார். கதவு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பூட்டச் சொன்னார்கள், பூட்டிக்கொண்டது. கோளாறு அக்காக்காரி எழுதிய ஒரே ஒரு வரியில் இருந்தது. அந்த வரியிலும் நடுவில் கிடந்த ஒரு வார்த்தையில்.

அக்காக்காரிக்கு வேலை பார்சல் பிரிக்கும் கிடங்கில். பார்சல் தூக்குகிற வேலை இல்லை, தூக்குகிற இயந்திரங்களுக்கு உத்தரவு எழுதுகிற வேலை. ஒரு கண்ணாடி அறை, அதில் நாலு மேசை, எட்டிப் பார்த்தால் கீழே ஓடுகிற பெல்ட்டுகள். எடை இருபது கிலோவுக்கு மேலே, 'அண்ட்', உள்ளே உடைகிற பொருள் என்றால் மூன்றாம் பெல்ட்டுக்கு அனுப்பு. முகவரி கிழிந்திருந்தால், 'ஆர்', பெட்டி நனைந்திருந்தால் ஓரமாகத் தள்ளு. நாள் முழுக்க இதே பிழைப்பு. இந்த இரண்டு வார்த்தைகளையும் கட்டிக்கொண்டு ஏழு வருஷம் ஓட்டிவிட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் எழுதுவேன் என்று பீற்றிக்கொள்வாள். பீற்றிக்கொள்ளாதவர்கள் யார் இருக்கிறார்கள்.

தங்கை அவள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வந்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு செருப்போடு, காது மடல் கிழிந்து, வலது கையில் கட்டோடு தப்பி ஓடிவந்தாள். அவள் புருஷன் டயர் கடை வைத்திருந்தான். லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றிப் போடுகிற கை. ஒரு நாள் குழம்பில் உப்புக் கூடிப்போனது என்று, அவள் விரல்களை மேசை டிராயருக்குள் வைத்து இடுப்பால் தள்ளி மூடினான். இரண்டு விரல் முறிந்தது. கட்டுப் போட அவனேதான் கூட்டிக்கொண்டு போனான். வழியெல்லாம் அழுதுகொண்டே போனான்.

அந்த அழுகைதான் வினை. தங்கை அக்கா வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரமே கதவுக்கு வெளியே வந்து நின்று அழுதான். அரை மணி நேரம் அழுதான். இவள் மனசு இளகித் தன் கையாலேயே தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். உள்ளே வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே கையால் அவள் முன்பல்லை உடைத்துவிட்டுப் போனான். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு அக்காக்காரிக்கு வந்த கோபம் அவன் மேல் பாதி, தங்கை மேல் பாதி. "உன்ன நம்பி ஒரு தாழ்ப்பாள விட முடியலடி" என்று கத்தினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே கதவுக்கு மோட்டார் பூட்டு மாட்டினாள். தங்கையின் மணிக்கட்டில் கடிகாரம் போல ஒரு பட்டையைக் கட்டினாள். அதில் ஒரு பட்டன். அழுத்தினால் மூன்று இரும்புத் தண்டுகள் நிலைக்குள் பாயும். ஐந்து நிமிஷத்துக்கு யார் வந்தாலும் திறக்காது. வெளியிலிருந்து சாவி போட்டாலும் திறக்காது, அக்காவின் போனிலிருந்து சொன்னாலும் திறக்காது, உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருகினாலும் திறக்காது.

"உள்ள இருக்கிற நானே திறக்க முடியாதா?" என்று தங்கை கேட்டாள்.

"உனக்காகத்தான் அப்படி வச்சிருக்கேன். அவன் வெளிய நின்னு அழுவான், நீ உருகுவ. அஞ்சு நிமிஷம் ஆறிப்போ. அதுக்குள்ள போலீஸ் வந்துரும், நானும் வந்துருவேன். அவன் அப்பவும் போகலன்னா மறுபடி அழுத்து, இன்னும் அஞ்சு நிமிஷம்."

"வீடு பத்திக்கிச்சுன்னா?"

"புகை வந்தா தானா திறக்கும். அதுக்குத் தனி வரி எழுதியிருக்கேன். என்ன அவ்வளவு முட்டாள்னு நெனச்சியா?"

எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கைக்கு எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த 'அண்ட்' என்ன, 'ஆர்' என்ன என்று நச்சரித்தாள். அக்காக்காரி சலித்துக்கொண்டே சொன்னாள். "'அண்ட்' சந்தேகப் பிராணி. ரெண்டு பேரும் சரின்னு தலையாட்டணும். முதல் ஆளே இல்லன்னுட்டா ரெண்டாவது ஆள்கிட்டப் போகவே போகாது. 'ஆர்' சோம்பேறி. யாராவது ஒருத்தர் சரின்னா போதும். முதல் ஆளே சரின்னுட்டா ரெண்டாவது ஆள தட்டி எழுப்பவே எழுப்பாது."

"நம்ம சித்தப்பா மாதிரியா? சித்தி எந்திரிச்சு வேலையப் பாத்துட்டா இவர் கண்ணக்கூடத் திறக்கமாட்டாரே."

உடைந்த பல் தெரியச் சிரித்தாள். அக்காக்காரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த வரியை எழுதினாள்: பூட்டு ஆர் கூப்பிடு.

இதில்தான் விஷயம் இருக்கிறது. கிடங்கில் நூறு இடத்தில் இதே மாதிரி வரி உண்டு. பெல்ட்டை நிறுத்து ஆர் மணி அடி. அங்கே அது சரிதான். பெல்ட் நின்றுவிட்டால் மணி எதற்கு? நிற்காவிட்டால்தான் மணி அடித்து ஆளைக் கூப்பிட வேண்டும். ஏழு வருஷமாக எழுதிப் பழகின விரல், வீட்டிலும் அதையே எழுதிவிட்டது. பூட்டு விழுந்தால் ஆபத்து தீர்ந்தது என்று அந்த வரி நினைத்தது. ஏனென்றால் அவன் எப்போதும் கதவுக்கு வெளியேதான் நிற்பான் என்று எழுதினவள் நினைத்திருந்தாள்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். பூட்டைத் தனியாகச் சோதித்தாள். தண்டு மூன்றும் 'கிர்ர்' என்று உறுமிக்கொண்டு பாய்ந்தன. கூப்பிடுவதைத் தனியாகச் சோதித்தாள். அவள் போன் அடித்தது, மாடிப்படியில் சைரன் அலறியது, கீழே மரம் அறுக்கிற கடைக்காரர் பதறிப்போய் ரம்பத்தை நிறுத்திவிட்டு மேலே ஓடிவந்தார். இரண்டையும் சேர்த்து மட்டும் சோதிக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் மூன்று மணிக்குத் தங்கை தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு தடவை பட்டனை அழுத்திப் பார்ப்பாள். தினமும் சைரன் அலறினால் தெருவே கூடிவிடும் என்று அந்த மூன்று மணிக்கு மட்டும் கூப்பிடுவதை அக்காக்காரி நிறுத்தி வைத்திருந்தாள். டீ குடிக்கும்போது போனைத் திறந்து பதிவைப் பார்ப்பாள். பூட்டு விழுந்தது என்பதற்கு 'பூட்டு: ட்ரூ' என்று ஒரு வரி இருக்கும். சரி, தங்கச்சி சௌக்கியம் என்று டீயைக் குடிப்பாள்.

அன்றும் டீ வந்தது. மணி மூன்று முப்பத்துநாலு. போனைத் திறந்தாள்.

மூன்று மணிக்கு ஒரு ட்ரூ. அதற்குக் கீழே இன்னும் எட்டு ட்ரூ.

முதலில் எரிச்சல்தான் வந்தது. சட்டென்று புரியவில்லை. தங்கைக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து மேசையில் இருந்தவனுக்கு அங்கே எல்லோரும் வைத்த பேர் சுருட்டை. அவன் எட்டிப் பார்த்தான்.

"பூட்டுதான் விழுந்துருச்சே, பின்ன ஏன் திரும்பத் திரும்ப அழுத்துறாங்க?" என்றான். "உங்களுக்கு அழைப்பு வரலையா?"

"வரலையே."

"வரி எப்படி எழுதியிருக்கீங்க?"

சொன்னாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. பூட்டு ட்ரூ. முதல் ஆள் சரி என்றுவிட்டான். இரண்டாவது ஆளை யாரும் எழுப்பவில்லை. இரண்டாவது ஆள் இங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். பூட்டின கதவுக்குப் பின்னாலும் ஒருத்தி அழுத்திக்கொண்டே இருக்கிறாள் என்றால் அவன் வெளியே இல்லை. உள்ளே இருக்கிறான். அவனோடு சேர்த்துத் தங்கையைப் பூட்டினது இவள் எழுதின வரி.

டீ அப்படியே கீழே விழுந்தது. படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து போலீசுக்குச் சொன்னாள், மரக்கடைக்காரருக்குப் போன் போட்டாள். ரம்ப இரைச்சலில் அவர் எடுக்கவில்லை. பதிவையே பார்த்துக்கொண்டு போனாள். மூன்று முப்பத்தேழுக்கு ஒரு ட்ரூ வந்தது. நாற்பத்தொன்றுக்கு ஒன்று. அழுத்துகிறாள் என்றால் உயிரோடு இருக்கிறாள். அதை ஒன்றையே பிடித்துக்கொண்டு, "அழுத்துடி, அழுத்திக்கிட்டே இரு" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் மரக்கடைக்காரரைச் சட்டையைப் பிடித்துத்தான் இழுத்துக்கொண்டு மேலே ஓடினாள். அவர் கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டார். கதவில் காதை வைத்தாள். அலறல் எதுவும் இல்லை. ஒரு ஆண் குரல் மட்டும் தரையோடு தரையாக, "தண்ணி" என்றது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு சின்னதாக அதைக் கேட்டதே இல்லை.

"அடியே, நான்தான்டி, அக்கா வந்துட்டேன்டி. இன்னும் கொஞ்ச நேரத்துல தானா திறந்துக்கும், பொறுத்துக்கோ."

அதற்குப் பதிலாகக் கதவுக்குள் தண்டுகள் மறுபடி 'கிர்ர்' என்று உறுமின. மூன்று நாற்பத்தைந்து. கையிலிருந்த போனில் இன்னொரு ட்ரூ விழுந்தது.

அவளுக்குக் காரணம் புரியவில்லை, யோசிக்கவும் நேரமில்லை. மரக்கடைக்காரர் நிலையை இரண்டாகப் பிளந்தார். தண்டுகள் மரத்தோடு பெயர்ந்து வந்தன. தள்ளினால் கதவு பாதிக்கு மேல் போகவில்லை. உள்ளே எதுவோ கனமாக முட்டுக் கொடுத்தது. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளிய பிறகுதான் தெரிந்தது, முட்டுக் கொடுத்தது அவன்தான். கைப்பிடியை எட்டுகிற தூரத்தில் கதவில் சாய்ந்து கிடந்தான். கைப்பிடி முழுக்க ரத்த விரல்கள். வலது கன்னத்தில் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்து தோல் உரிந்திருந்தது. தொடையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரி, பிடி வரைக்கும் இறங்கியிருந்தது. அதைச் சுற்றிலும் தரை கருத்துப்போயிருந்தது.

தங்கை எதிர்ச் சுவரோரம் தையல் மெஷின் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. கழுத்தைச் சுற்றிக் கயிறு போல ஒரு சிவப்புத் தடம். மடியில் அளவெடுக்கிற டேப். அவள் பார்வை அவன் மேலேயே இருந்தது. கட்டைவிரல் மணிக்கட்டுப் பட்டன் மேலே இருந்தது.

அக்காக்காரி அவனைத் தாண்டித்தான் போனாள். தாண்டும்போது அவன் முழங்கையில் ஒரு மிதி மிதித்துவிட்டே போனாள், அதையும் மறைப்பதற்கில்லை. தங்கையைக் கட்டிக்கொண்டாள். அந்த உடம்பு மரக்கட்டை மாதிரி இருந்தது. மரக்கடைக்காரர் தன் சட்டையைக் கழற்றி அவன் தொடையை இறுக்கிக் கட்டினார். போலீசோடு வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் படியில் இறக்கும்போதே அவன் செத்துப்போனான்.

ஆஸ்பத்திரியில் தங்கையைக் கடைசிக் கட்டிலில் போட்டு, திரையை இழுத்துவிட்டார்கள். விசாரணை அதிகாரி வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். தங்கைக்குக் குரல் எழும்பவில்லை. உள்ளங்கையில் ஊதுவது போலப் பேசினாள்.

"குப்பை போடப் போனேன். கதவ சாத்தாம போய்ட்டேன். திரும்பி வந்து சாத்திட்டுத் திரும்புறேன், சமையல்கட்டுல நிக்கிறான். என் போனத் தரையில போட்டு மிதிச்சான். அடிச்சான். மூணு தடவ அழுத்தினேன்."

"தெரியும்டி. என் தப்புடி. நான் எழுதினது..."

"இரு, சொல்லிக்கிறேன். கதவு பூட்டிக்கிச்சு. சைரன் அடிக்கும்னு பாத்தேன். அடிக்கல. அவன் என் தலைய மெஷின்ல மோதுறான், நான் சைரனையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஏன் அடிக்கலன்னு. அப்பத்தான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. சித்தப்பா. முதல் ஆளு சரின்னா ரெண்டாவது ஆள எழுப்பாது. கதவு விழுந்துருச்சு, உன்ன எழுப்பல. இனி யாரும் வரமாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

அக்காக்காரி அவள் கையைப் பிடித்திருந்தாள். பிடியை இன்னும் இறுக்கினாள். ஏழு வருஷம் எழுதினவளுக்குத் தெரியாத தப்பை, அடி வாங்கிக்கொண்டே கண்டுபிடித்திருக்கிறாள்.

"டேப்ப எடுத்துக் கழுத்துல சுத்தினான். கைக்குக் கத்தரிதான் ஆப்புட்டுது. குத்துனேன். விடல. இஸ்திரிப் பெட்டி சூடா இருந்துச்சு, அத எடுத்து மூஞ்சில வச்சேன். அப்புறம் விட்டுட்டான். கதவுகிட்ட ஊர்ந்து போனான். கைப்பிடியத் திருகிப் பாத்தான், வரல. அவன் போனத் தேடினான். அடிதடில கீழ விழுந்து கிடந்துச்சு, எடுத்துத் தண்ணி வாளியில போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அழுதான். எப்பவும் போல அழுதான்க்கா. திறந்து விடு, ஆஸ்பத்திரிக்குப் போயிடுறேன், இனிமே உன் திசைக்கே வரமாட்டேன்னான். எனக்கு இளகிருமோன்னு பயமா இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் ஆறிப்போன்னு நீதான சொன்ன. அஞ்சு ஆகுறதுக்கு முன்னாடி அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். நீ கதவத் தட்டினப்பவும் அவன் கண்ணு திறந்துதான் இருந்துச்சு."

அக்காக்காரி போனை எடுத்துப் பதிவைப் பார்த்தாள். மூன்று பன்னிரண்டு, மூன்று பன்னிரண்டு, மூன்று பதின்மூன்று. பயந்தவள் அழுத்தினது அந்த மூன்றும். அதற்குப் பிறகு பதினேழு, இருபத்தொன்று, இருபத்தைந்து, இருபத்தொன்பது. நாலு நிமிஷத்துக்கு ஒன்று, கடிகாரம் பார்த்து மருந்து கொடுப்பது மாதிரி. இதைப் பார்த்துத்தான் ஆட்டோவில் 'அழுத்துடி, அழுத்துடி' என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். தங்கை மேல் கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. ஒரு கதவுக்குள் இவளை அவனோடு பூட்டிவைத்துவிட்டு டீ குடித்தவளுக்கு அதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

கடைசி எட்டு வரியையும் அழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அழித்தால் அழித்த நேரமும் எங்கேயாவது பதிவாகும். அதெல்லாம் அவள் எழுதினதுதான், அவளுக்குத் தெரியாதா. போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். விரலால் நேரங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்து, பதினேழில் நிறுத்தினார்.

"பதினோரு தடவை. கடைசி எட்டும் நாலு நாலு நிமிஷமா இருக்கு. ஆள் உள்ள இருக்கிறப்ப கதவ ஏம்மா திரும்பத் திரும்பப் பூட்டணும்?"

தங்கை வாயைத் திறந்தாள். அக்காக்காரி முந்திக்கொண்டாள்.

"அவ பூட்டுறதுக்கு அழுத்தலங்க, கூப்பிடுறதுக்கு அழுத்தினா. அது ஒரே பட்டன். நான் வரலன்னா மறுபடி அழுத்துன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அழைப்பு எனக்கு வந்திருக்கணும், உங்களுக்கும் வந்திருக்கணும். வரல. நான் எழுதினது தப்பு." அந்த வரியைத் திறந்து காட்டினாள். பூட்டு விழுந்துவிட்டால் கூப்பிடவே கூப்பிடாது என்பதை விளக்கினாள். வேண்டுமானால் கிடங்கில் பக்கத்து மேசைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம், அவரும் பார்த்தார் என்றாள்.

அதிகாரி அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டிலுக்குத் திரும்பினார். "அழைப்பு போகலைங்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

திரைக்கு அப்பால் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது போய் முடிகிற வரைக்கும் தங்கை அக்காவைப் பார்த்தாள்.

"அவளுக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் அக்காக்காரி. "எத்தன தடவ சொன்னாலும் மண்டையில ஏறாது."

"நான் அவங்களக் கேட்டேன்."

"தெரியாதுங்க" என்றாள் தங்கை. "அக்கா வரும்னுதான் அழுத்திக்கிட்டே இருந்தேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் வைத்தார். கொஞ்சம் இரக்கத்தோடுதான் அக்காக்காரியிடம் சொன்னார். "அந்த ஒரு வார்த்தைய நீங்க ஒழுங்கா எழுதியிருந்தா, இன்னைக்கு ஒருத்தர் உயிரோட இருந்திருப்பார். புரியுதா?"

"புரியுதுங்க" என்றாள்.

அவர் போன பிறகு தங்கை மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். அக்காக்காரி பட்டையின் கொக்கியைக் கழற்றினாள். இறுக்கிக் கட்டியிருந்ததால் அதற்கும் ஒரு தடம் விழுந்திருந்தது. அவள் அதை வெகுநேரம் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.